ஜெர்மனியில் என் பெயர்

என் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அர்த்தத்தை மட்டும் சொல்கிறேன். காலையில் வீட்டைப் பெருக்கி, முறத்தில் அள்ளி, வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறோமே, அதைத்தான் எனக்குப் பெயராக வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்களிடையே இந்தப் பெயர் அபூர்வமே இல்லை. ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். ஆனால் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, இந்தப் பெயரை எழுதிய பலகையைத் தினமும் எதிரே வைத்துக்கொண்டு, ஓய்வு பெறும்வரை மல்லுக்கட்டியவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. பையன்கள் எனக்குப் பட்டப்பெயர் வைக்கச் சிரமப்படவில்லை. வீட்டிலேயே வைத்து அனுப்பியிருந்தார்கள். என் கல்யாணப் பத்திரிகையில் மாமனார் தாமாகவே வேறு ஒரு அழகான பெயரை அச்சடித்துவிட்டார். என் சிநேகிதர்கள் மண்டப வாசலில் இருந்த பலகையைப் பார்த்துவிட்டு, தப்பான கல்யாணத்துக்கு வந்துவிட்டோமோ என்று வெளியிலேயே நின்றிருந்தார்கள். என் மனைவி இன்றுவரை என் பெயரைச் சொன்னதில்லை. கணவன் பெயரைச் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை இவ்வளவு சௌகரியமாகக் கடைப்பிடித்த பெண் வேறு யாரும் இருக்க மாட்டாள்.

ஒரே மகன். அவனுக்கு நல்ல பெயராகத் தேடி வைத்தோம். என் பெயர் அவன் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாக, பக்கத்தில் ஒரு புள்ளியோடு அடங்கிவிட்டது. இந்த இனிஷியல் முறையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ, அவர் நன்றாக இருக்க வேண்டும். ஒற்றை எழுத்துக்குப் பின்னால் எந்தப் பெயரும் ஒளிந்துகொள்ளலாம். இது என்னோடு போகட்டும் என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி பாஸ்போர்ட் எடுக்கும்வரைதான். படித்து முடித்தவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும் என்றார்கள். குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் முழுப் பெயரும் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பன் பெயரைத்தான் அங்கே போட்டுவைக்கிறோம் என்பது ஜெர்மனிக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? பத்துத் தலைமுறையாக வருகிற எங்கள் வம்சப் பெயர் என்று மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள். வங்கியில், ஆஸ்பத்திரியில், வாடகை வீட்டில் எங்கும் அவனை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவன் ஒருமுறை தன் வீட்டு அழைப்புமணியைப் படம் எடுத்து அனுப்பினான். பொத்தானுக்குப் பக்கத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. கைப்பேசியை மனைவியிடம்கூடக் காட்டாமல் கவிழ்த்து வைத்தேன். பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்த பிள்ளையை, கடல் தாண்டிப் போயும் ஊரார் என் பெயரால் கூப்பிடுகிறார்களே என்று வெட்கமாக இருந்தது.

அங்கேயே ஒரு ஜெர்மன் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. திருவண்ணாமலையில் இருப்பவனுக்கு வெள்ளைக்காரர்கள் என்ன புதிதா? காலையில் பால் வாங்கப் போனால் எனக்கு முன்னால் வரிசையில் இரண்டு பேர் நிற்பார்கள். மருமகள் அவளுடைய குடும்பப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டாள் என்று கேட்டதும் எனக்கு ஒரு பாரம் இறங்கியது. நல்ல பெண் என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் பெயருக்கு ஒரு கதை இருந்தது. அது அங்கே மிக அபூர்வமான பெயராம். ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் ஓடைக்கரையில் ஒரு மாவு மில் இருந்ததாம். அந்த மில்லில் குடியிருந்தவர்களுக்கு அதன் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. எந்தக் குடும்பப் பெயர்க்காரர்கள் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் காட்டும் வசதி அங்கே இணையத்தில் உண்டு. அவள் பெயரைப் போட்டால் அந்தப் பள்ளத்தாக்கு மட்டும் கறுத்துத் தெரியும், மிச்ச நாடு வெறுமையாக இருக்கும். அவள் அந்த மில்லைத் தேடிப் போய், இடிந்த சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டவள். இந்த விஷயத்தில் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம்.

அதே வரைபடத்தில் என் பெயரையும் போட்டுப் பார்த்திருக்கிறாள். நாடு முழுக்க வெள்ளையாக வந்ததாம். ஜெர்மனியிலேயே அபூர்வமான குடும்பப் பெயர் உங்களுடையதுதான், அதை வைத்திருப்பவர் உங்கள் மகன் ஒருவர்தான் என்று தொலைபேசியில் பெருமையாகச் சொன்னாள். எங்கிருந்து வந்த பெயர் என்று கேட்டாள். பழைய கிராமத்துப் பெயர் என்று மகன் ஏற்கெனவே மழுப்பிவைத்திருந்தான். நானும் அதையே சொல்லி, அங்கே குளிர் ஜாஸ்தியா என்று பேச்சை மாற்றினேன்.

இதெல்லாம் சிரிக்கக்கூடிய விஷயம்தான். சிரிக்க முடியாத விஷயமும் அந்த வீட்டில் நடந்துகொண்டிருந்தது. முதல் முறை மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. இரண்டாம் முறை ஐந்து மாதம் தாங்கியது, அதுவும் தங்கவில்லை. இரண்டாம் முறை அவள் ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை என்று மகன் சொன்னான். மூன்றாவதாகத் தரித்தபோது யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. என் மனைவி செய்தியைக் கேட்டதும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்தாம் மாதம் தாண்டியது. ஆறாம் மாதத் தொடக்கத்தில் டாக்டர் அனுமதித்ததும் இருவரும் இங்கே வந்தார்கள். மருமகள் வயிற்றின் மேல் ஒரு கையை வைத்தபடியேதான் நடந்தாள். உட்காரும்போதும் எடுக்கவில்லை. அவளைப் பார்த்தால் எங்களுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. மனைவி வீட்டுக்குள் பாத்திரத்தைக்கூடச் சத்தம் வராமல் வைத்தாள்.

வந்த இரண்டாம் நாள் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். குழந்தைக்கு அங்கே ஒரு குடும்பப் பெயர் பதிவு செய்ய வேண்டும், அவள் பெயரா உங்கள் பெயரா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மில் பெயரையே வை என்றேன். நம் பெயர் எங்கே தொடங்கியது என்று பார்க்காமல் அவள் முடிவு செய்ய மாட்டாள், நீங்கள் பிறந்த அடி அண்ணாமலைக்குக் கூட்டிப்போங்கள் என்றான்.

போகும் வழியில் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். மழுப்பினால் அந்தப் பெண் ஆசைப்பட்டு அந்தப் பெயரையே வைத்துவிடுவாள். உண்மையை அப்படியே சொல்லிவிட்டால் தானாகவே கைகழுவிவிடுவாள். மூன்றாவதாவது நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று எல்லோரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பிள்ளையின் தலையில் இந்தப் பெயரையா கட்டுவது? எனக்கு அவமானம் என்றால் அது என்னோடு தொலையட்டும்.

நான் பிறந்த வீடு கைமாறிப் பல வருடமாகிவிட்டது. அதன் பின்பக்கம், மாட்டுக்கொட்டகையை ஒட்டி இருந்த இடத்தில் இப்போது ஜல்லி கொட்டிச் சமன்படுத்தி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிறவர்களின் கார்களை நிறுத்த விடுகிறார்கள். அன்று பௌர்ணமி இல்லை. இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. ஓரத்தில் ஒருவர் இளநீர் வண்டி போட்டிருந்தார். மகன் மருமகளுக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்து, வண்டிக்காரரின் ஸ்டூலில் உட்காரவைத்தான். அவளுக்கு எதிரே நின்றுகொண்டு, இந்த இடம்தான் என்று கையைக் காட்டினேன். அவள் அந்தக் கார் நிறுத்தும் இடத்தை அவ்வளவு மரியாதையோடு பார்த்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

என்னுடைய ஆபீஸ் இங்கிலீஷ் இதற்கு உதவாது. தமிழிலேயே சொன்னேன், மகன் மொழிபெயர்த்தான். "இங்க ஒரு குப்பைமேடு இருந்துச்சு. எனக்கு முன்னாடி எங்கம்மாவுக்கு மூணு பொறந்துச்சு, ஒண்ணும் தங்கல. நான் பொறந்ததும் என்னைக் கொண்டாந்து இதுலதான் போட்டுப் பொரட்டினாங்க" என்றேன்.

மகன் பாதியில் நிறுத்திவிட்டான். அவனுக்குப் பெயரின் அர்த்தம் தெரியும். மூன்று பிள்ளைகள் செத்துப்போன கதை தெரியாது. நானும் சொன்னதில்லை. எங்கள் அம்மா அவர்களைப் பற்றிப் பேசியதே கிடையாது; எதிர்வீட்டு அத்தை சொல்லித்தான் எனக்கே தெரியும்.

முழுவதையும் சொன்னேன். புரட்டிவிட்டு, என்னை அங்கேயே விட்டுவிட்டு அம்மா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட வேண்டும். எதிர்வீட்டு அத்தை தற்செயலாக வருவதுபோல வந்து, யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை என்று என்னைத் தூக்கிக்கொண்டாள். பிறகு வாசலில் வந்து நின்று, பிள்ளை விலைக்கு இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள். அம்மா ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து என்னை வாங்கிக்கொண்டாள். பெற்ற பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்குவது. இது வேண்டாத பிள்ளை, பெயரைப் பார், இதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறாய் என்று எமனிடம் சொல்லி ஏமாற்றுவதற்கு அத்தனை ஏற்பாடு.

பேச ஆரம்பித்தபோது மருமகளுக்கு இந்தப் பெயர் வேண்டாம் என்று ஆக்குவதுதான் என் எண்ணம். முடிக்கும்போது அந்த எண்ணமே மறந்துபோயிருந்தது. அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாளே, அந்த நாலு எட்டு எப்படி நடந்திருப்பாள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. இத்தனை காலமும் என்னைப் பையன்கள் கேலி செய்ததைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மருமகள் இளநீரைக் கீழே வைத்தாள். வயிற்றின் மேலிருந்த கை அப்படியே இருந்தது. மகனிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். அவன் சுருக்கமாகப் பதில் சொன்னான். மறுபடி ஏதோ சொன்னாள். இந்த முறை அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உங்களை ஒரு புள்ளைன்னே மாத்திச் சொல்லிட்டேன். அந்தப் புள்ள பொழச்சுதான்னு கேட்டா. எதிர்லதான் நிக்குதுன்னு சொன்னேன்" என்றான். கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "அப்ப அந்தப் பேருதான் வேணும்னு சொல்றாப்பா."

நான் விடவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. என்ன விளையாட்டு இது, பிள்ளை பெரிசானதும் என்னைப்போலக் கூனிக் குறுகி நிற்கவா என்று கேட்டேன். அங்கே ஒருத்தருக்கும் அர்த்தம் தெரியாது, எழுத்துக்கூட்டிச் சொல்லவே திணறுவார்கள் என்றான் மகன். அர்த்தம் தெரியாவிட்டால் பெயர் எப்படி வேலை செய்யும், ஜெர்மனி எமனுக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். படித்தவன், கணக்குப் பார்த்து வேலை செய்தவன், வெட்டவெளியில் நின்று இப்படி வாதாடினேன். இளநீர்க்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். மகன் அதையும் மொழிபெயர்த்தான். அவள் வந்ததிலிருந்து முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் ஒரு இளநீர் வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "எமன் எல்லா ஊருக்கும் போறவருங்க, அவருக்கு பாஷை ஒரு கஷ்டமா" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் ஒரு சின்னப் பையில் தவிடு கட்டி மருமகளின் பெட்டிக்குள் வைத்தாள். விமான நிலையத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று மகன் தலையில் அடித்துக்கொண்டான். அந்த ஊர் அதிகாரிகளிடம் கடைசியில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. பை போய்ச் சேர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் எப்படி இருந்தோம் என்று சொல்லி மாளாது. தொலைபேசி அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். ஏழாம் மாதம் போனது. எட்டாம் மாதம் ஒருமுறை வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாளில் அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளும் வீட்டில் அடுப்பு எரிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒன்பது முடிந்தது.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி ஈரக் கையோடு கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். திரையில் மகன் முகம், தலை கலைந்து, தாடி வளர்ந்து. பெண் குழந்தை, இரண்டு பேரும் நல்லா இருக்காங்க என்றான். அப்பாடா என்று நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருமகள் கட்டிலில் படுத்திருந்தாள். வயிற்றின் மேல் கை இல்லை. இரண்டு கையிலும் ஒரு வெள்ளைத் துணி மூட்டையைப் பிடித்திருந்தாள்.

அப்போது அவர்கள் அறைக் கதவு திறந்தது. பச்சைச் சட்டை போட்ட ஒரு நர்ஸ் உள்ளே வந்து, கையில் இருந்த அட்டையைப் பார்த்து, குழந்தையை எடை போட எடுத்துப் போக வேண்டும்போல, உரக்க ஒரு பெயரைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு எழுத்தாகக் கவனமாகச் சொன்னாள். என் பெயரை அவ்வளவு பிரியமாக யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"இருக்கேங்க" என்றேன், என்னை அறியாமல்.

அங்கே துணி மூட்டைக்குள்ளிருந்து குழந்தை வீல் என்று கத்தியது.