சகலை நின்ற இடம்

வார நாட்களில் அவர் கண்ணாடிக்காரர். பஸ் நிலையத்துக்கு எதிரே சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை. சனி, ஞாயிறு வந்தால் கூடைப்பந்து ரெஃப்ரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று தெரியாத எவனாவது ஆட்டத்துக்கு நடுவே, "யோவ் ரெஃப்ரி, கண்ணாடி போடுய்யா!" என்று கத்துவான். தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

அவருடைய மனைவியின் அக்கா வீட்டுக்காரரும் ரெஃப்ரிதான். லிஃப்ட் மெக்கானிக். பெரிய சகலை. கண்ணாடிக்காரர் கையில் விசிலைக் கொடுத்து இந்த வம்பில் இழுத்துவிட்டதே அவர்தான். சகலைகள் இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருந்தார்கள், போன வருஷ இறுதி ஆட்டம் வரைக்கும்.

நடந்தது இதுதான். பந்து வெளியே போய்விட்டால், ஒரு ஆட்டக்காரர் கோட்டுக்கு வெளியே நின்று அதை உள்ளே எறிய வேண்டும். பந்தை அவர் கையில் கொடுக்கிற ரெஃப்ரி, கொடுத்ததும் ஒதுங்கிவிட வேண்டும். எறிகிறவர், எதிரே மறிக்கிறவர், நடுவிலிருக்கும் கோடு மூன்றும் ஒரே பார்வையில் விழுகிற இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். இன்னொரு ரெஃப்ரி அந்தப் பக்கம் தள்ளி நிற்பார். பந்தைக் கொடுப்பதற்கு முன்னால் இவர் அவரைப் பார்க்க வேண்டும், அவர் கட்டை விரலைத் தூக்க வேண்டும். விரல் எழுந்தால்தான் பந்து.

அன்றைக்குக் கடைசி நிமிஷம். கூடைக்குப் பக்கத்திலிருந்து எறிய வேண்டும். கண்ணாடிக்காரர் பந்தைக் கொடுத்துவிட்டு, பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி அங்கேயே நின்றுவிட்டார். எறிந்தவனோ பனைமர உயரம். அவன் முதுகுக்கு அந்தப் பக்கம், மறித்தவன் விதியை மீறிக் கோட்டைத் தாண்டிக் கையை நீட்டியது இவருக்குத் தெரியவில்லை. தூரத்தில் நிற்க வேண்டிய பெரிய சகலை, விறுவிறுவென்று கிட்டே வந்து ஊதிவிட்டார். ஆட்டமே மாறிப்போயிற்று.

முடிந்ததும் இவர் எகிறினார். "என் இடத்துல வந்து எதுக்குண்ணே ஊதுனீங்க?"

"நீ நின்ன இடம் தப்பு தம்பி," என்றார் அவர், எல்லார் காது கேட்கவும்.

அவர் சொன்னது நிஜம்தான். அதனால்தான் சுருக்கென்று தைத்தது. ஒரு வாரம் பொறுத்து, போனால் போகிறதென்று ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அவரைப் பார்த்து இவரே கையைத் தூக்கினார். பெரியவர் நேராக இவரைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றது ஆண்களுக்கு; அகப்பட்டுக்கொண்டது பெண்கள். வருஷம் ஓடிவிட்டது. இந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துச் செயலாளர், தெரிந்தோ தெரியாமலோ, இரண்டு பேரையும் ஒரே ஆட்டத்தில் போட்டுவிட்டார். கிளம்பும்போது மனைவி வாசலை மறித்தாள்.

"இன்னைக்கு மாமாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க. ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு அக்காவை போன்லயே பாத்துக்கிட்டு இருக்கேன். பேசலன்னா நானே கோர்ட்டுக்குள்ள வந்து நிப்பேன்."

"வந்து எங்க நிப்பே?"

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. ஒரு வருஷமா அங்கதான நிக்கிறேன்?"

அவர் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் தடவை பந்து வெளியே போனது. கண்ணாடிக்காரர் பந்தோடு நின்று எதிர்ப்பக்கம் பார்த்தார். பெரியவரும் பார்த்தார். விரல் எழவில்லை. கொழுப்பைப் பார், என்று நினைத்துக்கொண்டு இவரே பந்தைக் கொடுத்தார். இரண்டாவது தடவையும் அதே கதை. "ரெஃப்ரிங்க ரெண்டு பேரும் சண்டையா?" என்று படிக்கட்டிலிருந்து ஒருவன் கேட்டான். மூன்றாவது தடவை, முறைத்துப் பார்த்தாவது விரலைத் தூக்கவைக்கலாம் என்று இவர் கொஞ்சம் முன்னால் நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார், டக்கென்று பெரியவர் விரல் எழுந்தது.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். கண்ணை இடுக்கி, கழுத்தை நீட்டி, புருவம் சுருங்கிய முகம். கடைக்குள் நுழைகிறவர்களில் பாதிப் பேரின் முகம் அது. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர், சொந்தச் சகலையின் கண்ணைப் பார்க்காமல் இருந்திருக்கிறார். அன்றைக்கு ரோட்டில் அந்த மனுஷன் கண்ணுக்கு இவர் தெரியவே இல்லை. இறுதி ஆட்டத்தில் கிட்டே வந்ததும் இவரை மட்டம்தட்ட இல்லை, கிட்டே வந்தால்தான் அவருக்குக் கோடு தெரிந்திருக்கும். கண்ணாடிக்காரர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

கடைசி நிமிஷம். இரண்டு பக்கமும் சமம். கேட்பானேன், கூடைக்குப் பக்கத்திலிருந்துதான் எறிய வேண்டும். கண்ணாடிக்காரர் பந்தைக் கொடுக்கவில்லை. கையசைத்தார்.

"அண்ணே, கிட்ட வாங்க."

ஒரு வருஷத்தில் முதல் வார்த்தை. பெரியவர் திகைத்தார். பிறகு வந்தார், தனக்குக் கோடு தெரிகிற தூரம் வரைக்கும். விரல் எழுந்தது. இவர் பந்தைக் கொடுத்துவிட்டு, இந்தத் தடவை சரியாக ஒதுங்கி நின்றார். எறிபவன் நடுவில், சகலைகள் இரண்டு பக்கமும். பந்து உள்ளே போனது, கூடையில் விழுந்தது, ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

உடை மாற்றும் அறையில் பெரியவர் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளாண்ணே?"

"என்ன எத்தனை நாளா?"

"கண்ணு."

பெரியவர் கொஞ்ச நேரம் கயிற்றோடு மல்லுக்கட்டினார். "லிஃப்ட் வேலையில எல்லாம் கைக்கு எட்டுற தூரந்தான் தம்பி. அங்க குறை ஒண்ணும் தெரியல. இங்கதான் மங்கலா இருக்கு. வெளிய தெரிஞ்சா விசிலைப் புடுங்கிருவாங்களோன்னு பயம்."

"கண்ணாடி போட்டுக்கிட்டு ஊதக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? எங்கயாவது போய்க் காட்டிருக்கலாமே."

பெரியவர் நிமிர்ந்தார். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "சண்டைன்னா சண்டை. அதுக்காக உன்னை வச்சுக்கிட்டு வேற கடைக்கா போவேன்?"

கண்ணாடிக்காரர் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "அன்னைக்கு நான் நின்ன இடம் தப்புதாண்ணே," என்றார். சொன்ன பிறகு, இவ்வளவுதானா என்று இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பெரியவர் கடைக்கு வந்தார். சுவரில் எழுத்து அட்டை, தரையில் ஒரு மஞ்சள் கோடு.

"எங்க நிக்கணும்னு நீயே சொல்லு."

"கோட்டுக்குப் பின்னால."

முதல் வரி கடகடவென்று வந்தது. இரண்டாவது வரியில் இழுத்தார். மூன்றாவது வரிக்குப் பெரியவரின் கால் நைசாக முன்னால் நகர்ந்தது.

"அண்ணே, கோடு!"

"பாத்துட்டியா?"

"சரியான இடத்துல நிக்கிறேன்ல!"

கண்ணாடிக்காரர் கண் சோதிக்கிற ஃபிரேமை அவர் மூக்கில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றினார். ஒன்றைப் போட்டதும் பெரியவர் அட்டையைப் பார்க்காமல் திரும்பி, வாசல் கதவின் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தார். எதிர்ப்பக்கம், பஸ் நிலையத்து ஓரமாக, அக்காவும் தங்கையும் கையைக் கோத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்ட நேரம் பார்த்து நின்றார்கள்.

பெரியவர் கட்டை விரலைத் தூக்கினார்.