உடுப்பறை வாசலில் நின்ற தராசு

மொன்றியலின் லாசால் பகுதியில் உள்ள எங்கள் சின்ன அப்பார்ட்மென்டின் குளியலறையில் பாதியை ஒரு தராசு அடைத்துக்கொண்டு கிடக்கிறது. மாட்டையே ஏற்றி நிறுக்கலாம் என்று மனைவி திட்டுகிறாள். ஒரு கல்லூரி குப்பையோடு வெளியே போட்டதை நான்தான் தூக்கி வந்தேன்.

அந்தக் கல்லூரியின் ஃபுட்பால் அணிக்கு நான் உடுப்புத் தோய்த்தேன். இங்கே ஃபுட்பால் என்றால் தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு ஆளை ஆள் மோதி விழுத்துவது. பொடியன்களின் உடம்பைக் கவனிக்க ஒரு விளையாட்டு விஞ்ஞானி இருந்தாள். இதே நகரத்துப் பியர்பொன்ட்ஸில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, எனக்குத் தங்கச்சி மாதிரி. ஓகஸ்ட் வெயிலில், பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவனும் காய்ந்த காற்சட்டையோடு, உடுப்பறை வாசலில் நின்ற இந்தத் தராசில் ஏறவேண்டும் என்பது அவளுடைய சட்டம். குறைவது முழுக்க வியர்வையாகப் போன தண்ணீர். மறுநாள் காலையிலும் நிறை திரும்பாதவனுக்கு அன்று மைதானம் இல்லை. நான் நிறையைச் சொல்ல, அவள் தாளில் எழுதுவாள். நானோ வாய்க்காரன். ஏறுகிறவனின் தாய் நேற்று என்ன சமைத்தாள் என்பதுவரை விசாரிப்பேன். "கதையை விடுங்கோ அண்ணை, நிறையைச் சொல்லுங்கோ" என்பாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

ஒரு காலை, அணியின் ஆகப் பெரிய பொடியன் நாலு கிலோ குறைந்து நின்றான். அவள் அவனுடைய பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டாள். தலைமைப் பயிற்சியாளர் வந்தார். தாளை வாங்கி, எங்கள் கண் முன்னாலேயே, அந்த வட்டத்தை நீலப் பேனையால் வெட்டினார். சனிக்கிழமை ஆட்டத்தில் விளையாடப்போவது தராசா என்று கேட்டுச் சிரித்தார். அவள் நிர்வாகத்திடம் முறையிட ஓடினாள். திரும்பி வருவதற்குள் பொடியன் மைதானத்தில் விழுந்துவிட்டான். அவள்தான் அவனை ஐஸ் தொட்டிக்குள் இறக்கி, தலையைக் கையில் தாங்கி, அம்புலன்ஸ் வரும்வரை பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி இருந்தாள். உயிர் தப்பியது.

தாள் தப்பவில்லை; அன்றே காணாமல் போனது. அவள் தன்னை எச்சரிக்கவே இல்லை என்று அந்த மனிதர் கூசாமல் சொன்னார். கல்லூரி விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். அன்று அந்தத் தாளைப் பார்த்தாயா என்று கேட்டார்கள்.

"ழ சே பா" என்றேன், பிரெஞ்சில். தெரியாது.

யுத்தகாலத்தில் ஊரில் சோதனைச்சாவடிக்குச் சோதனைச்சாவடி அந்தச் சொல்தான் என்னைக் காப்பாற்றியது. மொன்றியலில் கதிரையும் தண்ணீர்ப் போத்தலும் தந்து மரியாதையாகக் கேட்டவர்களுக்கு முன்னாலும் வாய் தானாக அதையே சொன்னது. அவளை வேலையால் நிற்பாட்டினார்கள். தன் பொருட்களை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு உடுப்பறைக்கு வந்தாள்.

"நீங்கள் பார்த்தனீங்கள்தானே அண்ணை?"

"ஓம்."

"பேந்தேன் தெரியாதெண்டு சொன்னனீங்கள்?"

"பயமாக் கிடந்தது, தங்கச்சி."

"எவ்வளவு கதைக்கிற ஆள் நீங்கள்" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

அந்த மனிதர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். கல்லூரி நடைபாதைச் சுவரில் மாட்டிய படத்தில் வெற்றிக் கோப்பையோடு சிரிக்கிறார். அவர் மேல் எனக்குள்ள ஆத்திரம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் அவர் வெட்டியது ஒரு வட்டத்தை. அவளை வெட்டியது என் வாய்.

இன்று காலை தராசில் ஏறினேன். எழுபத்தெட்டு கிலோ. சத்தமாகச் சொன்னேன், கேட்டு எழுத யாருமில்லை. இறங்கி வந்து, அன்று சொல்லாததை நானே எழுதுகிறேன். வட்டம் சிவப்பு. வெட்டிய பேனை நீலம். வெட்டியவர் தலைமைப் பயிற்சியாளர். ஒரு முழத் தூரத்தில் நின்று நான் பார்த்தேன்.