ஐனார் தோரப் சொன்ன ஆண்டு

ஐனார் தோரப் டென்மார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவுக்கு வந்தது 1923-இல். மறு ஆண்டே இருநூறு கோழிகளோடு பண்ணை தொடங்கினார். ஆறாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். ஆனால் கோழியின் கொண்டையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார் என்பதால் அக்கம்பக்கத்தார் அவரை ‘டாக்டர்’ என்றே அழைத்தனர். 1964-இல் ‘டாக்டர் ஐ. தோரப்’ என்று முகவரியிட்ட உறை வந்தபோது அவரும் அவர் மனைவி மேத்தாவும் ஐயுறாததற்கு அதுவே காரணம்.

அனுப்பியது தெற்கே இருந்த ஓர் ஆய்வு நிறுவனம். வருங்காலம் பற்றி வல்லுநர்களிடம் தனித்தனியே கேட்டு, அவர்கள் சொல்லும் ஆண்டுகளை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுத்துக்கொள்வது அதன் முறை. யார் என்ன சொன்னார் என்பது வெளியே தெரியாது. கேள்வி இதுதான்: இப்போதுள்ள விளைநிலத்திலேயே இருமடங்கு மக்களுக்கு வேண்டிய உணவை விளைவிப்பது எந்த ஆண்டில் கைகூடும்?

“என்ன டாக்டரே, உலகத்துக்கே சோறு போடப் போறீங்களாக்கும்? கொட்டகையில குழாய் ஒழுகுது, அதை முதல்ல பாருங்க” என்றாள் மேத்தா.

ஐனார் ஒரு வாரம் யோசித்து 2004 என்று எழுதி அனுப்பினார்.

அடுத்த மாதம் இரண்டாம் சுற்றுத் தாள் வந்தது. நடுவில் நின்ற ஆண்டு 2050. மற்ற நாற்பது பேரில் பதினொருவர் ‘ஒருபோதும் இல்லை’ என்றிருந்தனர். கீழே ஒரு வரி: ‘உங்கள் விடை பெரும்பாலோரிடமிருந்து வெகுவாக விலகியுள்ளது. மாற்றுங்கள், அல்லது காரணம் எழுதுங்கள்.’

“படிச்சவங்க நாப்பது பேர் சொல்றாங்க. மாத்திக் குடுத்துட்டுப் பேசாம இருங்க.”

“அந்த நாப்பது பேர்ல ஒருத்தனாவது கோழி வளர்த்திருப்பானா, மேத்தா?”

அவர் மாற்றவில்லை. எழுதினார்: ‘1924-இல் ஒரு கோழி ஆண்டுக்கு 110 முட்டை இட்டது. இன்று 230. கொட்டகை அதே அளவுதான். ஆண்டுக்கு மூன்று முட்டை கூடியது, அவ்வளவே. எந்த ஆண்டிலும் நான் வியந்ததில்லை. நாற்பது ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் வியக்கிறேன். நிலத்திற்கும் நாற்பது ஆண்டுகள் கொடுத்திருக்கிறேன்.’

அந்தக் காரணம் பெயரின்றி எல்லாருக்கும் போனது. மூன்றாம் சுற்று முடிந்தபின் கில்பர்ட் ஸ்ட்ராண்ட் என்ற நிறுவன அலுவலர் பண்ணைக்கே வந்துசேர்ந்தார். தமக்குத் தாளே வரவில்லை என்று மெய்யான டாக்டர் தோரப், ஒரு வேளாண் பொருளியல் பேராசிரியர், முறையிட்டிருந்தார்.

“தப்பு எங்களோடதுதான், மிஸ்டர் தோரப். உங்க விடை, காரணம் ரெண்டையும் எடுத்தாகணும். காரணத்தை எழுதினவரே திரும்ப வாங்கினாத்தான் செல்லும். கையெழுத்துப் போட்டீங்கன்னா, அதைத் தள்ளிடுங்கன்னு எல்லாருக்கும் கடிதம் போட்டுடுவேன்.”

“அதைப் படிச்சுட்டு யாராவது மறுப்பு எழுதினாங்களா?”

ஸ்ட்ராண்ட் தம் கோப்பைத் திறந்தார். “இல்லை. ஒன்பது பேர் ஆண்டை மாத்திட்டாங்க. நடு ஆண்டு இப்போ 2015.”

“கேட்டுக்கிட்டியா மேத்தா?”

“கேட்டேன், கேட்டேன். அவர் காப்பி ஆறுது.”

ஐனார் தாளைத் தள்ளிவைத்தார். நாற்பது ஆண்டுகளாகத் தம் கண்ணால் கண்டதை அவர் மற்றொருவரிடம் எடுத்துச் சொன்னது அந்த ஒரு முறைதான். அதைச் செல்லாததாக்கத் தம் கையாலேயே எழுதித் தருவதா?

“எதுங்க செல்லாது? கணக்கா, கோழியா?” என்று கேட்டார் ஐனார்.

“கணக்கு சரிதான். நான் சரிபார்த்தேன். ஆள்தான்…”

“அப்போ ஆளை எடுத்துக்குங்க. காரணம் அங்கேயே கிடக்கட்டும்.”

ஸ்ட்ராண்ட் வாதாடிப் பார்த்தார். விதிப்படி ஐனாரை வற்புறுத்த இடமில்லை. கடைசியில் பட்டியலை மேசைமேல் விரித்து 2004-ஐப் பென்சிலால் அடித்தார். எஞ்சிய நாற்பது விடைகளை இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடுவுக்கு வந்தார். இரண்டு விரல்களும் 2015-இலேயே வந்து நின்றன.

“இன்னொரு தடவை எண்ணுங்க, பரவாயில்லை” என்றார் ஐனார்.

ஸ்ட்ராண்ட் மறுபடியும் எண்ணினார்.