மில் இல்லாத ஊரில் பஞ்சு

ஜூன் மாதம் வந்தால் இந்த ஊரில் பஞ்சு பறக்கிறது. கனடாவின் சமவெளியில், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மில்லே இல்லாத ஊர் இது. ஆற்றங்கரை மரங்களில் காய் வெடித்துப் பஞ்சு தானாகக் கிளம்பிவிடும். வாசல்படி, புல்தரை, கார் கண்ணாடி என்று எங்கும் வெள்ளை. இங்குள்ளவர்கள் தும்மிக்கொண்டே திட்டுவார்கள். மம்சாபுரத்திலிருந்து தினமும் ராஜபாளையம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்வந்த எனக்கோ, சொந்தக்காரர் யாரோ வந்திறங்கியது போலிருக்கும்.

எனக்கு வேலை பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில். ஹைவே வழியாகத்தான் போக வேண்டும். சென்ற ஜூனில் என் பழைய கார் மக்கர் செய்தது. ஊருக்குள் ஒழுங்காக ஓடும். ஹைவேயில் ஏறி ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எண்பதைத் தாண்டாது. எஞ்சின் முனகும், வேகம் வராது. பின்னால் பெரிய லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நெருங்கியபோது எனக்கு உயிரே போய்விட்டது. ஓரமாக ஊர்ந்து போய்ச் சேர்ந்ததில் தாமதம். என் வேலையை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அந்த மாதக் கடைசியில்தான் முடிவு செய்யவிருந்தார்கள்.

மறுபடியும் தாமதமானபோது மேற்பார்வையாளர் லிண்டா, நாளைக்கு நான் வந்து அழைத்துப் போகட்டுமா என்று கேட்டார். எங்கள் மில்லில் சூப்பர்வைசர் அப்படிக் கேட்டால் அது குத்தல். வேண்டாம் என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அவர் முகம் ஏன் வாடியது என்று அன்று எனக்குப் புரியவில்லை.

என் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், அங்கே நூல் லோடு வேன் ஓட்டியவர். வண்டி இழுக்கவில்லை என்றால் அவருக்குத் தெரிந்த ஒரே குற்றவாளி கலப்படம்.

"ஏட்டி, பெட்ரோல்ல என்னமோ கலந்திருக்கான். வேற பங்க்ல போடு."

வேறு பங்கில் போட்டோம். பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றினார். ஹைவேயில் அதே எண்பதுதான். இந்த ஊரில் யாரும் எதையும் கலக்க மாட்டார்கள் என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில், உள்ளூரிலேயே வேறு வேலை தேடிக்கொள் என்றார். அது எனக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை பானட் மேலிருந்த பஞ்சைத் துடைக்கும்போதுதான் மில் நினைவு வந்தது. நான் வேலை பார்த்தது நூல் சுற்றும் மெஷினில். அறுந்த நூலை அது காற்றால் உறிஞ்சித்தான் பிடிக்கும். சில நாள் பாதி மெஷின் ஓடும்போது நன்றாக இழுக்கும், முழுவதையும் ஓட்டினால் இழுவை போய்விடும். ஃபில்டரில் பஞ்சு அடைத்திருக்கும். அதை வழித்துப் போட்டுவிட்டுத்தான் நாங்கள் வேறு எதையும் பார்ப்போம்.

அவரைக் கூப்பிட்டு, "இது மூச்சு விடுற எடம் எங்க இருக்கு? அத மட்டும் தொறந்து காட்டுங்க" என்றேன்.

பெட்ரோல்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு தலையணைக்கு ஆகும் பஞ்சு. மெதுவாகப் போகையில் அதனூடே கசிந்த காற்று எஞ்சினுக்குப் போதுமாக இருந்திருக்கிறது, வேகத்துக்குப் பற்றவில்லை. அவர் பஞ்சையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மில்லுக்காரி மில்லுக்காரிதான்" என்றார்.

புது ஃபில்டர் போட்டு மறுநாள் ஹைவேயில் ஏறினேன். நூறு, நூற்றுப் பத்து. ஒரு லாரியை முந்திவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பெருமையாக இருந்தது, சொல்வதற்கென்ன. இங்கே வேலைக்கு விண்ணப்பித்தபோது முன் அனுபவம் எதுவும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தேன். மில்லில் நின்ற வருடங்களை நானே கணக்கில் சேர்க்கவில்லை. புலம்பெயர்ந்த நம்மில் பலரும் இப்படித்தான் செய்கிறோம்.

வேலை நிரந்தரமானது. லிண்டா தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் வருகிறார் என்பதும், அன்று மெய்யாகவே அழைத்துப் போகத்தான் கேட்டார் என்பதும் பிறகு தெரிந்தது. வேலை நிரந்தரமான செய்தியை இல்லத்து வாசலில் வைத்துச் சொன்ன கையோடு, என் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுக்கக் கை நீட்டினார்.

ராஜபாளையத்தில் ஷிஃப்ட் முடிந்ததும் தலையை நன்றாகத் தட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். மில்லுக்காரி என்று யாரும் கண்டுகொள்ளக் கூடாதே என்று அம்புட்டுக் கூச்சம்.

"இருக்கட்டும்" என்றேன், தமிழில். லிண்டாவுக்குப் புரியவில்லை, ஆனால் கையை எடுத்துக்கொண்டார். தலை ராஜபாளையம் மில்லில் நின்ற தலை, பஞ்சு இந்த ஊர்ப் பஞ்சு. இரண்டையும் சுமந்துகொண்டு உள்ளே போனேன்.