ஷீட்டைச் சுரண்டிய ஞாயிறு

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுதான் கூரை. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பதைப் பஜ்ஜி மடித்து வந்த தாளில்தான் படித்தேன். என்ன செய்ய வேண்டும் என்ற பகுதி கிழிந்து போயிருந்தது. அன்றிலிருந்து கைக்குழந்தை இருமினாலும் தும்மினாலும் நான் ஷீட்டைத்தான் பார்த்தேன்.

கோடை வந்தால் எங்கள் தெருவில் சூடு தணிய ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பார்கள். அதற்கு முன் பாசியைச் சுரண்டுவார்கள். பாசியோடு தூசியும் ஒழியும் என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமை கணவரைக் கம்பி பிரஷ்ஷோடு மேலே ஏற்றினேன்.

பக்கத்துப் போர்ஷனில் இருந்த வீட்டுக்கார அக்கா, "இத்தினி வருசமா இதுங்கீழதான் கீறேன். எனக்கு இன்னாமா ஆச்சி?" என்றார். சொல்லி முடித்ததும் இருமினார். எனக்கு அது போதும்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "சாதாரண சளிதான்" என்றார். ஷீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"உடையாத ஷீட்டு சும்மா கிடக்கும்மா. உடைக்கிறது, துளை போடறது, காய்ஞ்சபடியே சுரண்டறது, இதுலதான் தூசி பறக்கும். வருஷக்கணக்கா அந்தத் தூசியில வேலை செய்யறவங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. சிகரெட்டும் பிடிச்சா இன்னும் மோசம்."

மருந்துச் சீட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

தெருமுனையிலிருந்தே தெரிந்தது. கூரைமேல் மாவில் புரட்டிய மாதிரி ஓர் உருவம்.

"ஏங்க, நிறுத்துங்க!"

"பாதி முடிஞ்சிட்சி. நீதான சுரண்டச் சொன்ன?"

"நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் வேணாங்கறேன்!"

"காலைல ஒரு பேச்சு, இப்ப ஒரு பேச்சு. பேஜாருமா உன்கூட!"

குழந்தையை அக்காவிடம் கொடுத்துக் கதவைச் சாத்தச் சொன்னேன். இறங்கியவரை வீட்டுக்குள் விடவில்லை. உடுத்திய துணியோடு தெருவிலேயே நிறுத்தி, தூசி பறக்காமலிருக்க தலையோடு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஜன்னல் வழியாக அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, ஊட்டுக்காரருக்குக் கும்பாபிஷேகமா?"

தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. குழந்தை இந்தத் துணியைத் தொட்டுவிடுமோ என்ற பயத்தில் ஈரச் சட்டையைக் கழற்றி வாளியில் அமுக்கினேன். பையிலிருந்து ஒரு சிகரெட் பாக்கெட் மிதந்து வந்தது. குழந்தை பிறந்த அன்றே விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்திருந்தவர் அவர்.

"இது என்ன?"

அவர் பாக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"மேல, ஷீட்டு மேல கெடந்துச்சி."