ரத்தத்துக்கு ஏசி வண்டி

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போன வாரம் புது வேன் ஒன்று வந்தது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, "நீங்கதான் மேடம் சீனியர், ஏறி உக்காருங்க" என்று பிள்ளைகள் என்னை முன் சீட்டில் ஏற்றினார்கள். கதவைச் சாத்தி ஏசியைப் போட்டதும் புது பிளாஸ்டிக்கும் குளிரும் கலந்த அந்த வாசனை வந்தது. நான் இறங்கிவிட்டேன். "பின்னாடி ஆள் உட்கார இடம் இருக்கா?" என்று கேட்டேன். "சாம்பிள் வண்டிதானே மேடம், ஆளுக்கு எதுக்கு இடம்" என்றான் ஒரு பையன். அவன்மேல் நான் எரிந்து விழுந்ததில் கற்பூரத் தட்டை வைத்திருந்த பெண் இரண்டடி பின்னால் போய்விட்டாள். பாவம், அவனுக்கென்ன தெரியும். நான் சொல்லப்போகும் காலத்தில் அவன் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டு உடைத்துக்கொண்டு இருந்திருப்பான்.

எனக்குச் சர்க்கரை வந்தாயிற்று, முட்டிவலி வந்தாயிற்று. கோபத்துக்கு மட்டும் வயதாக மாட்டேன் என்கிறது. அது யார்மேல் வந்த கோபம் என்று உங்களிடமாவது சொல்லி வைக்கிறேன்.

முனைவர் பட்டம் வாங்கிய கையோடு மரக்காணத்துக்கு வந்தேன். நோய் எதிர்ப்புச் சக்தி என் படிப்பு. உப்பளங்களுக்குப் போகும் வழியில் ஒரு வாடகை வீட்டில் எங்கள் ஆராய்ச்சியின் கிளை நடந்தது. எச்.ஐ.வி. உள்ள கணவன், அது தொற்றாத மனைவி, அல்லது நேர்மாறாக: இப்படிப்பட்ட தம்பதிகளின் ரத்தத்தை எடுத்துச் சென்னைக்கு அனுப்புவோம். ஒரே வீட்டில், ஒரே பாயில் வாழ்ந்தும் ஒருவருக்கு மட்டும் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. அதற்கு விடை கிடைத்தால் தடுப்பூசிக்கு வழி பிறக்கும். உலகத்தையே காப்பாற்றப் போகிற நினைப்பில் நான் வெள்ளைக் கோட்டைக் கழற்றாமல் தெருவில் நடப்பேன். உப்புக்காற்று அந்தக் கோட்டின் பொத்தானைக்கூட விடவில்லை. எல்லாம் துருப்பிடித்து, மார்பில் வரிசையாகப் பழுப்புக் கறை.

வண்டி ஓட்டியவர் மஸ்தான் பாய். கோட்டக்குப்பத்துக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாம் துபாயில் இருக்க, இவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, "அங்க மனுசன் பேச்சே இல்ல மேடம், ஏசி சத்தம்தான்" என்று திரும்பி வந்தவர். அப்படிப்பட்டவருக்குக் கிடைத்தது ஏசி வண்டி. எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உயிரோடு சென்னை போய்ச் சேர வேண்டும். வெயில் பட்டாலும் போச்சு, ஐஸ் வைத்தாலும் போச்சு. அதனால் வேன் முழுக்கக் குளிர். முன்னால் பாயின் அத்தர் வாசனை, பின்னால் ஒரு பெட்டி, அதைச் சுற்றி காலியாக நான்கு சீட்டு.

அந்தப் பெட்டியில் இருந்த ரத்தத்திலேயே, சென்னையில் இருந்த எங்கள் தலைமை விஞ்ஞானி சாருக்கு மிகப் பிடித்தது பச்சையம்மாளுடையது. பச்சையம்மாள் உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். பாத்தியில் உப்பு வாரி வாரிப் பாதம் வெடித்திருக்கும். அவர் கணவர் ஏழுமலை போர்வெல் வண்டியோடு வடக்கே போய்ச் சில வருடம் இருந்துவிட்டு, நோயோடு திரும்பினார். பச்சையம்மாளுக்கு எத்தனை முறை சோதித்தும் தொற்று இல்லை. அவருடைய அணுக்களோடு வைரஸைச் சேர்த்து வைத்தாலும் அது எளிதில் உள்ளே நுழையவில்லை. "தங்கம் மாதிரிம்மா இந்த ரத்தம்" என்றார் சார். எனக்கும் தலைகால் புரியவில்லை. முதல் முறை அந்த முடிவைப் பார்த்தபோது பக்கத்துக் கடையில் அதிரசம் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன்.

ஏழுமலையின் ரத்தத்தையும்தான் எண்ணினோம். அவருடைய எதிர்ப்பு அணுக்கள் ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டே போயின. அந்த இறக்கத்தை நான் அழகாகக் கோடு போட்டு சாருக்கு அனுப்புவேன். எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் மாத்திரையை அரசு ஆஸ்பத்திரியில் அப்போதுதான் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களைச் சென்னைக்குத்தான் அனுப்புவோம். ஏழுமலை பஸ்ஸில் கிளம்பினார். இருமலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டதில், கண்டக்டர் ஊர் எல்லை தாண்டுவதற்குள் இறக்கிவிட்டார். வெயிலில் உப்பள வரப்போரம் உட்கார்ந்து உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்திருக்கிறார்.

அடுத்து ரத்தம் எடுக்கும் நாளில் பச்சையம்மாள் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். நான் ரப்பர் பட்டையைக் கட்டப் போனபோது கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"இந்த ரெத்தம் எப்பிடிப் போவுது மெட்ராஸுக்கு?"

"வேன்லதாங்க."

"ஏசி வண்டியிலயா?"

"ஆமாங்க."

"அப்ப அவரையும் அதுலயே ஏத்திக்கினு போங்க. அப்பறம் கைய நீட்றேன்."

சாருக்குப் போன் செய்தேன். அவர் என்றைக்கும் குரலை உயர்த்தியவரில்லை. "அது தூண்டுதல் ஆயிடும்மா. ரத்தம் குடுத்தா வண்டின்னு ஆசை காட்டுற மாதிரி. ஆராய்ச்சி நெறிமுறைக்கு அது விரோதம். தவிர, நாம சிகிச்சை தர்றவங்க இல்லையே" என்றார்.

நோயாளி சாவதைக் கோடு போட்டுப் பார்க்கலாம், அது நெறி. காலியாகப் போகும் சீட்டில் அவரை உட்கார வைக்கக் கூடாது, அது நெறி தவறியது. போனை வைத்துவிட்டு இதை எப்படிப் பச்சையம்மாளிடம் தமிழில் சொல்வது என்று நின்றேன். வாசலில் நின்ற மஸ்தான் பாய் என்னவென்று கேட்டார், சார் சொன்னதைச் சொன்னேன்.

"ரத்தம் குடுத்தா வண்டின்னாதான தப்பு?" என்றார். "ரத்தமே வேணாம். சும்மா ஏத்திக்கினு போனா?"

நான் ஊசியைக் கீழே வைத்தேன். அன்றைக்குப் பச்சையம்மாளிடம் ரத்தம் எடுக்கவில்லை. மற்றவர்களின் ரத்தம் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் ஏழுமலையைப் படுக்க வைத்தோம். குளிர் தாங்காமல் அவர் நடுங்கினார். பாய் தன் சால்வையைக் கொடுத்துவிட்டு, "ஏசிய நிறுத்த முடியாதுங்க, பெட்டியில இருக்கறவங்க செத்துடுவாங்க" என்றார். ஏழுமலை சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் முதலில் காசநோய்க்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு அந்த மாத்திரை. மாதா மாதம் போய் வாங்க வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது. மாதா மாதம் எங்கள் வண்டியில் போனார். சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்கென்று அந்தச் சாலையில் வராத வண்டி இல்லை, எங்கள் வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று எவரும் எட்டிப் பார்க்கவில்லை. கோடைக்குள் ஏழுமலைக்குக் கன்னத்தில் சதை பிடிக்க ஆரம்பித்தது. சவரம் செய்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நிற்பார். வரும் வழியெல்லாம் பூமிக்குள் எத்தனை அடியில் பாறை, எங்கே நல்ல தண்ணீர் என்று பாயோடு பேசிக்கொண்டே வருவாராம். பச்சையம்மாளும் தானாகவே வந்து கையை நீட்டினார். "நீங்க கேக்கலன்னாலும் நான் குடுப்பேன். எடுங்க" என்றார்.

யாரோ சாரிடம் சொல்லிவிட்டார்கள். மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் மஸ்தான் பாயை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வண்டியைத் தவறாகப் பயன்படுத்தினாராம்.

நான் சென்னைக்குப் போய் சாரின் அறையில் நின்று கத்தினேன். "ஏத்தினது நான். அவரை ஏன் அனுப்பினீங்க? எனக்கு டிகிரி இருக்குன்னா?" என்றேன். சார் எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "நீ உணர்ச்சிவசப்படறே. இந்த ஆராய்ச்சி முடிஞ்சா லட்சக்கணக்கானவங்க பொழைப்பாங்க. ஒருத்தருக்காக அதைக் கெடுக்கலாமா?" என்றார். அந்த லட்சம் பேரில் ஏழுமலை எப்போது சேர்ந்துகொள்வார் என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். புது டிரைவர் வந்தார். பின்னால் ஆள் ஏற முடியாதபடி முன் சீட்டுக்குப் பின்னால் தகரத்தடுப்பு ஒன்றும் வந்தது.

ஏழுமலை மறுபடி பஸ்ஸுக்குப் போனார். அந்த வருடம் மழை சும்மா விடவில்லை. சாலை மூழ்கிற்று, உப்பளம் மூழ்கிற்று, வேலை நின்றது. ஒரு மாதம் மாத்திரை தவறியது. அடுத்த மாதம் நான் லீவு போட்டு அவருக்காகச் சென்னைக்குப் போனேன். ஆளை நேரில் பார்க்காமல் தர முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவரை அழைத்துப்போக வாடகைக் கார் பிடித்துக்கொண்டு மரக்காணம் திரும்பியபோது அவரை உட்கார வைக்கவே முடியவில்லை. பொங்கலுக்கு முன்னால் இறந்துபோனார். மஸ்தான் பாய் பஸ்ஸில் வந்து, கடைசிவரை கூட நடந்தார்.

மாசியில் பாத்திகளை மிதித்துச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். பச்சையம்மாளின் ரத்தம் இன்னும் ஒரு முறை வேண்டும் என்று சார் சொல்லி அனுப்பினார். நான் உப்பளத்துக்குப் போனேன், ஊசி எடுத்துக்கொண்டு போகவில்லை. அவர் வரப்பில் நின்று காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என் ரெத்தத்துல இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியலைங்க."

"அவரோட ரெத்தத்துல இன்னா இருந்துச்சின்னு உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சி இன்னா பண்ணாங்க?"

சாரைத்தான் கேட்டார். நான் அந்தக் கேள்வியை அப்படியே ராஜினாமாவில் எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் கிளையை மூடிவிட்டார்கள். பச்சையம்மாளின் அணுக்கள் பற்றிய கட்டுரை வெளிநாட்டில் அச்சானது. அதில் என் பெயர் வேண்டாம் என்று எழுதிப் போட்டேன். நான் இல்லாததால் கட்டுரைக்கு ஒரு குறையும் வரவில்லை. தடுப்பூசி இன்னும் வரவில்லை.

போன வருடம் அந்தப் பக்கம் போனேன். எங்கள் வாடகை வீடு இருந்த இடத்தில் இறால் பண்ணைக்குத் தீவனம் விற்கிறார்கள். மஸ்தான் பாய் கடைசியில் துபாய்க்கே போய்விட்டாராம். பச்சையம்மாள் மகளோடு எங்கோ போய்விட்டார், பக்கத்து வீட்டாருக்கு ஊர்ப் பெயர் தெரியவில்லை. சென்னை ஓட்டமும் இப்போது இல்லை. மாத்திரையைப் பக்கத்திலேயே கொடுக்கிறார்கள். காலையில் போனவர்கள் சாப்பாட்டு வேளைக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். யாரும் கெஞ்ச வேண்டியதில்லை, யாரும் யாரையும் திருட்டுத்தனமாக ஏற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஏழுமலை இருந்திருந்தால் சைக்கிளிலேயே போய் வாங்கிக்கொண்டு வந்திருப்பார்.