காலி பண்ணாத வீட்டுக்குக் குடிபோனோம்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் 'பட்டியல்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. இருபத்தாறு வருடமாகத் துணிக்கிடங்கு அவள் பொறுப்பு. படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்கள் ஆபரேஷனுக்குப் போடுகிற அங்கி எல்லாம் பத்துப் பத்தாக, மடிப்பு வெளியே தெரிய அடுக்கியிருக்கும். ஓடி வருகிற நர்ஸ் கேட்டு முடிப்பதற்குள் அக்கா எடுத்து நீட்டியிருப்பாள்.

நான் அவள் தங்கை. எனக்கும் ஒழுங்குக்கும் ஏழாம் பொருத்தம். சாவியை எங்கே வைத்தேன் என்று தேடியே என் பாதி ஆயுள் போய்விட்டது. ஆனால் அக்கா வீடு மாறிய அன்று நடந்த குழப்பத்தில் எனக்குத் துளியும் பங்கில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பார்க்கக் கூடாது.

அக்காவின் கணவர், என் மாமா, பஸ் ஓட்டியவர். கண் நரம்பு வாடிப்போய் ஆறு வருடத்துக்கு முன்னால் அவருக்குப் பார்வை அடியோடு போய்விட்டது. இருந்த வாடகை வீட்டில் கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒன்பது காலடி, அங்கிருந்து கூடத்து நாற்காலிக்கு ஏழு, நாற்காலியிலிருந்து வாசலுக்கு ஐந்து என்று மனப்பாடம் செய்து, யார் கையையும் பிடிக்காமல் நடமாடினார். அந்த வீட்டில் ஒரு சாமான் ஒரு விரல் நகரக் கூடாது. ஒருமுறை நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். மாமா தடுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

வீட்டுச் சொந்தக்காரர் தன் மகளைக் குடிவைக்க வேண்டும் என்று காலி பண்ணச் சொன்னார். அக்கா இருந்ததையெல்லாம் போட்டு ஒரு சின்ன வீட்டை வாங்கினாள். மாமாவுக்கு மட்டும் அதில் சந்தோஷமில்லை. பிறகு ஒருநாள் சொன்னார்: "இந்த வீட்ல எனக்குக் கண்ணு இல்லங்கறதே பாதி நாள் மறந்துபோயிடுது. அங்க போனா மறுபடியும் குருடன்தானே?"

"நீங்க உள்ள கால் வைக்கறதுக்குள்ள அதது அதது இடத்துல இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் அக்கா.

அந்த ஒரு வாக்குக்காக அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். இரண்டு மாதம் ஞாயிறுதோறும் டேப்போடு அந்த வீட்டுக்குப் போய் நீளமும் அகலமும் அளந்தாள். நோட்டில் படம் வரைந்தாள். அதே ஒன்பது, அதே ஏழு, அதே ஐந்து வருகிற மாதிரி கட்டிலையும் நாற்காலியையும் படத்தில் நகர்த்தி நகர்த்தி வைத்தாள். சாமானை நாற்பத்தேழு பெட்டியில் கட்டி எண் போட்டாள். ஒன்றாம் நம்பர் பெட்டியில் மாமாவின் ரேடியோ, மாத்திரை, செருப்பு. சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு லாரி. அதுவரை என் வீட்டில் இருக்கிற மாமாவை என் வீட்டுக்காரர் மாலை ஐந்துக்குக் கூட்டி வருவார். நடுவில் எட்டு மணி நேரம். பட்டியலுக்கு அது தாராளம்.

விற்றவர்கள் ஒரு ரிட்டயர்டு தம்பதி. இருவரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். கணவர் மனைவியை டீச்சர் என்பார், மனைவி கணவரை மாஸ்டர் என்பார். தங்கமான மனிதர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டினோம். மாஸ்டர் வாயில் பல்துலக்கும் பிரஷோடு வந்து திறந்தார். எங்களைப் பார்த்தார், பின்னால் நின்ற லாரியைப் பார்த்தார், பிரஷை எடுத்தார்.

"அட, இன்னிக்கா?"

ஜன்னலில் திரைச்சீலை தொங்கியது. கொல்லையில் ஈரத்துணி காய்ந்தது. கூடத்தின் நடுவில் ஒரே ஒரு பெட்டி மட்டும் கட்டியிருந்தது. மற்றதையெல்லாம் கட்டுவதற்கு வாங்கிய கயிறும் கத்தரிக்கோலும் அந்தப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தன.

"மாஸ்டர், இன்னிக்குத்தான்னு அன்னிக்கே பேசினோமே? உங்களுக்கு வண்டி எப்ப வருது?" என்றாள் அக்கா.

"வண்டியா? டீச்சர் மாப்பிள்ளைகிட்டச் சொல்லியிருப்பாங்க."

உள்ளிருந்து டீச்சர் குரல் வந்தது. "நான் எங்க சொன்னேன்? மாப்பிள்ளைகிட்டப் பேசறது மாஸ்டர்தானே!"

மாஸ்டர் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். இதோ உடனே வண்டி அனுப்புகிறேன் என்றாராம் மாப்பிள்ளை. அந்த 'உடனே' வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. வந்தது ஒரு லோடு ஆட்டோ. அதில் பீரோ ஏறினால் ஓட்டுகிறவர் இறங்க வேண்டும்.

அதற்குள் எங்கள் லாரி டிரைவர் பொறுமை இழந்துவிட்டார். "மேடம், எனக்குப் பன்னண்டுக்கு வேற லோடு இருக்கு. உள்ள வைக்கச் சொன்னா உள்ள வைக்கறேன், ரோட்ல வைக்கச் சொன்னா ரோட்ல வைக்கறேன். எங்கன்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா நோட்டைப் பிரித்தாள். கட்டில் வைக்க வேண்டிய இடத்தில் மாஸ்டரின் புத்தக அலமாரி நின்றது. நாற்காலி வைக்க வேண்டிய இடத்தில் தையல் மெஷின். திரும்பிப் போகலாம் என்றால் பழைய வீட்டில் சொந்தக்காரரின் மகள் அந்நேரம் அடுப்பே மூட்டியிருப்பாள். "உள்ளயே எங்கயாவது வைங்க" என்றாள். எங்கயாவது! அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

அதன் பிறகு நடந்ததற்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. எங்கள் கட்டில் கூடத்தில் செங்குத்தாக நின்றது. அவர்கள் பீரோ வாசல் நிலையில் சிக்கி, உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் ஒரு மணி நேரம் எல்லோரையும் கொல்லைப் பக்கமாகச் சுற்ற வைத்துவிட்டு, கடைசியில் கூடத்துக்கே திரும்பியது. டீச்சர் ஒரு தம்ளரைச் சுற்ற ஒரு பழைய பேப்பரை எடுப்பார். எடுத்ததைப் படிப்பார். "மாஸ்டர், இந்தப் பாலம் இடிஞ்சு விழுந்தப்ப நாம எங்க இருந்தோம்?" மாஸ்டர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார். தம்ளர் மறுபடியும் அலமாரிக்குப் போகும்.

நானும் அக்காவும் அவர்கள் சாமானையும் சேர்த்துக் கட்டினோம். அக்கா கையில் பாத்திரத்தோடு சமையலறை வாசலில் தடுக்கி விழப்போனாள். "பாத்து, அங்க கொஞ்சம் இறங்கும்" என்றார் மாஸ்டர், அவள் தடுக்கி முடித்த பிறகு. கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே இடத்தில் தடுக்கினாள். அவளிடம் இருந்த படத்தில் அப்படி ஒரு இறக்கமே இல்லை.

இரண்டு மணிக்கு அடுத்த பூதம் கிளம்பியது. அக்கா பன்னிரண்டாம் நம்பர் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே எங்கள் குக்கருக்குப் பதில் இலக்கணப் புத்தகங்கள்.

"மாஸ்டர், இது..."

"காலிப் பெட்டி கெடந்துதும்மா, எடுத்துக்கிட்டேன். நல்ல கனமான பெட்டி" என்றார் மாஸ்டர், பெருமையாக.

எங்களுக்கு உதவுவதாக டீச்சர் பிரித்துக் காலி செய்த பெட்டியிலெல்லாம் மாஸ்டர் தன் சாமானை நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். எண் எங்களுடையது, உள்ளே இருப்பது அவருடையது. லோடு ஆட்டோ அதற்குள் மூன்று நடை போய்விட்டது. எதில் எது போனது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றாம் நம்பர் பெட்டியைக் காணோம். அக்கா கட்டிலுக்குப் பின்னால் பார்த்தாள், கொல்லையில் பார்த்தாள், லோடு ஆட்டோவுக்குள் தலையை விட்டும் பார்த்தாள். பிறகு நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.  அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

நாலரைக்கு என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். மாமாவை இன்று கூட்டி வர வேண்டாம் என்று சொல்வதற்காக. அந்த மனிதர் என்றைக்குத்தான் போனை எடுத்தார், அன்றைக்கு எடுக்க? சரியாக ஐந்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

அக்கா வாசலுக்கு ஓடினாள். "திரும்பிப் போயிடுங்க. இன்னும் ஒண்ணும் ஆகல."

மாமா ஆட்டோவின் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். "நாற்காலி எங்க இருக்கு?"

"தெரியல."

"கட்டிலு?"

"தெரியலங்க. எனக்கு எதுவுமே தெரியல." சொல்லிவிட்டு, அத்தனை பேர் பார்க்க நடுரோட்டில் நின்று அழுதாள். மாமாவுக்குக் கண் போன அன்றுகூட அவள் எங்கள் முன்னால் அழுததில்லை.

டீச்சர் டீ கொண்டு வந்தார். அந்தக் களேபரத்திலும் டீ மட்டும் தவறவில்லை. "ஏன் தம்பி வாசல்லயே நிக்கறீங்க? இந்தாங்க." நீட்டிய தம்ளரை மாமா வாங்கவில்லை. டீச்சர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். அக்கா இத்தனை நாளும் இவர்களிடம் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டீச்சர் தம்ளரை என் கையில் திணித்தார். மாமாவின் கையைப் பிடித்து அழைத்துப் போய் வாசல் சுவரில் வைத்தார்.

"முப்பத்தோரு வருஷம் இந்த வீட்ல இருந்தேன் தம்பி. கரண்டு போனா மெழுகுவத்தி எங்க இருக்குன்னு ஒரு நாளும் எனக்குத் தெரிஞ்சதில்ல. தேடித் தேடி இருட்டுல நடந்தே பழகிடுச்சு. நாற்காலி கெடக்கட்டும். நீங்க சுவத்த விடாம வாங்க."

மாஸ்டர் முன்னால் ஓடிச் சுவரோரத்துப் பெட்டிகளைத் தள்ளினார். நானும் என் வீட்டுக்காரரும் மறுபக்கம் தள்ளினோம். டீச்சர் சொல்லிக்கொண்டே நடந்தார். இங்கே ஜன்னல், கொக்கி தோள் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், இடித்துக்கொள்ளாதீர்கள். இது வழவழப்பு. இனி சொரசொரவென்று வரும், மாஸ்டரே பூசியது, அதனால்தான் அந்த லட்சணம். சொரசொரப்பு முடிந்தால் சமையலறை, நாலு விரல் இறங்கும். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும், மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும், கீழே உதைக்க வேண்டும்.

மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். "அடுத்த வளைவு எங்க டீச்சர்?" என்றார். பஸ் ஓட்டிய காலத்தில் புது ரூட் போட்டால் இப்படித்தான் கண்டக்டரைத் துளைப்பாராம். இரண்டாவது சுற்றில் டீச்சர் வாயைத் திறக்காமல் கூடவே நடந்தார். மூன்றாவது சுற்று மாமா தனியாகப் போனார். நடுக்கூடத்தில் இரண்டு குடும்பத்துச் சாமானும் குப்பையாகக் கிடக்க, அவர் சுவரைத் தடவிக்கொண்டு ஓரமாக ஒரு வட்டம் அடித்தார். நேராக வந்து மாஸ்டரின் பீரோவில் மோதிக்கொண்டு, "இது நம்மளது இல்லையே?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன்க்கா, இன்னும் கோவமா?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரியல, போடி" என்றாள்.

ஆறு மணிக்கு மாஸ்டரும் டீச்சரும் லோடு ஆட்டோவில் தொற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பீரோவும் தையல் மெஷினும் நாளைக்குப் போகுமாம். ஒன்றாம் நம்பர் பெட்டி மாப்பிள்ளை வீட்டில்தான் இருக்கிறது, வருகிற வண்டியில் வந்துவிடும் என்றார் மாஸ்டர். எனக்கு நம்பிக்கையில்லை. டீச்சர் மட்டும் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, மழை வந்தா உதைக்கணும், மறந்துடாதீங்க" என்று கத்தினார்.

வாசல் விளக்கின் சுவிட்ச் எது என்று தெரியாமல் என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா எண் தெரியாத ஒரு பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள். பெட்டி அவள் முகத்தை மறைத்தது. மாமா எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றவர், அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டு முகத்தைத் திருப்பினார்.

"மெதுவா வாம்மா. அங்க நாலு விரல் இறங்குது."

அக்கா தூக்கிய காலோடு அப்படியே நின்றாள். பெட்டிக்குப் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சரிங்க" என்றாள். காலை மெல்ல இறக்கி வைத்து, அன்றைக்கு முதல் முறையாகத் தடுக்காமல் உள்ளே போனாள்.